‘நாம்’ மட்டுமே உள்ள உலகில் ‘நாங்கள்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கொடிய எதிர்காலச் சமூகங்களைக் கற்பனை செய்யும் டிஸ்டோபியா நாவல்களைப் பற்றித் தங்கள் இலக்கியப் பக்கத்தில் வெளியான கட்டுரை, கண்காணிப்பைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, அவற்றில் வரும் காதலை வாசகரை ஈர்ப்பதற்கான துணைக்கதை என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த அரசுகள் எதைவிடவும் அதிகமாக அஞ்சுவது அந்தக் காதலுக்குத்தான்.

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸம்யாதினின் நாவல் 1924இல் ‘We’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதப்பட்ட நாட்டில் 1988 வரை அது அச்சேறவில்லை. அதன் ரஷ்யத் தலைப்பைத் தமிழில் ‘நாம்’ என்றும் சொல்லலாம், ‘நாங்கள்’ என்றும் சொல்லலாம். ரஷ்ய மொழியில் இல்லாத இந்த வேறுபாட்டில்தான் நாவலின் உயிர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடி வீடுகளில், பெயருக்குப் பதில் எண்களோடு வாழும் மக்களுக்கு அரசு அனுமதிப்பது எவரையும் வெளியே விடாத ‘நாம்’ ஒன்றையே. உடலுறவுக்குக்கூடத் தடையில்லை; இளஞ்சிவப்புச் சீட்டு இருந்தால் குறித்த நேரத்துக்குத் திரையை இறக்கிக்கொள்ளலாம். விண்கலப் பொறியாளனான டி-503 செய்யும் குற்றம், ஐ-330 என்ற ஒருத்திக்காக மட்டுமே ஏங்கி, மற்ற அனைவரையும் விலக்கிய ஒரு ‘நாங்கள்’ வேண்டும் என்று விரும்புவதுதான். (அவள் அவனை நேசித்தாளா, புரட்சிக்குப் பயன்படுத்திக்கொண்டாளா என்பது தெளிவில்லை, அதனால் அவன் ஏக்கம் பொய்யாகிவிடாது.) முடிவில் அறுவை சிகிச்சையால் அவனது கற்பனை நீக்கப்படுகிறது, அவள் வதைக்கப்படுவதை அவன் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலிலும், நாயகன் வின்ஸ்டனிடம் எல்லா வாக்குமூலங்களையும் வாங்கிய பிறகும் அரசு ஓயவில்லை. தனக்குப் பதிலாகத் தன் காதலி ஜூலியாவை வதைக்கும்படி அவன் கதறிய பிறகே, வதைக்கூடமான 101ஆம் அறையின் வேலை முடிகிறது.

ஆயினும் என்னை அதிகம் கலங்கவைப்பது, ஆசையை அடக்காமல் உடனுக்குடன் நிறைவேற்றிவைக்கும் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932ஆம் ஆண்டு நாவலான ‘Brave New World’தான். அதில் உலகை ஆளும் கட்டுப்பாட்டாளர்களில் ஒருவரான முஸ்தபா மோண்ட், ஆசைப்பட்டதற்கும் அது கைகூடியதற்கும் இடையே நீண்ட காலம் காத்திருந்தவர் உண்டா என்று மாணவர்களைக் கேட்கிறார். ஒருவன் தயங்கியபடி, ஒரு பெண்ணுக்காக ஏறக்குறைய நான்கு வாரம் காத்திருந்ததாக ஒப்புக்கொள்கிறான். அந்த உணர்வு கொடுமையாக இருந்தது என்றும் சொல்கிறான். அவன் வாழ்நாளில் ஒருவேளை அந்த நான்கு வாரங்கள் மட்டுமே அவனுக்குச் சொந்தமானவை. அவற்றை ஒரு நோயை நினைவுகூர்வதுபோல நினைவுகூர அவனுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அங்கே கவலையை மறக்க எல்லோரும் விழுங்கும் சோமா மாத்திரையைவிட, குடுவையில் வளர்க்கப்படும் குழந்தைகளைவிட, இந்தச் சிறு காட்சியே எனக்கு அச்சமூட்டுகிறது.

இந்நாவல்களைப் பற்றித் தங்கள் இதழ் மீண்டும் எழுதும்போது, பெயர்கூடத் தரப்படாத அந்த மாணவனுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்