ஒருவர் மூழ்கினால் இன்னொருவர் குதிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய்வர அருவிகள், அணைக்கட்டுகள், ஆற்றுப் படித்துறைகள் என்று நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. பேருந்து எங்கே ஏறுவது, எங்கே தங்குவது, எந்தக் கடையில் மீன் வறுவல் கிடைக்கும் என்பது வரை விவரமாக எழுதியவர், தண்ணீரில் இறங்கினால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரி இல்லாததால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994 மே மாதம். எனக்கு ஒன்பது வயது. துறையூர் பக்கம் அம்மாச்சி ஊரில் மாரியம்மன் திருவிழா, நாங்கள் பேரன் பேத்திகள் மட்டும் பதினான்கு பேர் வந்திறங்கியிருந்தோம். கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து உடம்பெல்லாம் மஞ்சளோடு எல்லோரும் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனோம். எங்கள் சின்ன மாமாதான் எங்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டு அவரே பின்னால் நீந்தி வருவார். அன்று பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயதிருக்கும், நீச்சல் தெரியாது, மற்றவர்கள் குதிக்கிறார்களே என்று அவனும் குதித்துவிட்டான். மேலே வந்தான், முங்கினான், திரும்ப வந்தான். மாமா யோசிக்கவே இல்லை, மேலேயிருந்து அப்படியே குதித்தார். அந்தப் பையன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோள்மேல் ஏறினான். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் பையன் மட்டும் மேலே வந்து மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மாமா வரவில்லை. அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

மோட்டாரை இறக்கி ஏற்றுகிற வடக்கயிறு, கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரம்கூட இருக்காது. பெரியவர்கள் நான்கைந்து பேர் அங்கே இருந்தார்கள், யாருக்கும் அதை எடுத்து வீசத் தோன்றவில்லை, யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. மூழ்குகிறவனைப் பார்த்தால் குதிக்க வேண்டும், அதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். முப்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னமும் மாமாவை நினைக்கும்போது அவர் முகத்துக்கும் முன்பாக எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை என்றால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். 2022 ஜூன் 5ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப்போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் ஒரே நாளில் இறந்துபோனார்கள். ஒருத்தியைப் பிடிக்க இன்னொருத்தி, அவளைப் பிடிக்க அடுத்தவள் என்று போனதுதான். 2023 ஏப்ரல் 5ஆம் தேதி சென்னை மூவரசம்பட்டில் கோயில் தீர்த்தவாரியின்போது குளத்தில் இறங்கிய ஐந்து இளைஞர்கள். அதே வருஷம் பிப்ரவரியில் கரூர் மாயனூர் காவிரியில், கால்பந்து விளையாட வந்த நான்கு பள்ளிச் சிறுமிகள். செய்தியைப் படிக்கும்போது ‘ஏழு பேர் பலி’, ‘நான்கு பேர் பலி’ என்று எண்ணிக்கைதான் கண்ணில் படுகிறது. இப்படிக் கூட்டமாகச் சாகிறபோது பெரும்பாலும் முதலில் வழுக்கியது ஒருவர்தான், மற்றவர்கள் பாசத்தால் பின்னாலேயே போனவர்கள் என்பதை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. முதல் ஆள் வழுக்கி விழுவதை நம்மால் எப்போதும் தடுக்க முடியாமல் போகலாம். இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தடுக்க முடியும்.

எப்படி என்றால், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் அங்கே குளிக்க வந்த நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். துணி துவைக்க வந்திருந்த பெண்கள் தங்கள் உடம்பில் இருந்த சேலையைக் கழற்றித் தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள், மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களில் மூன்று பேருக்கு அந்தச் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. விருதோடு அந்தச் செய்தி முடிந்துபோனதில் எனக்கு வருத்தம். அவர்களுடைய துணிச்சலைப் புகழ்ந்த அளவுக்கு, அவர்கள் கையாண்ட முறை எவ்வளவு சரி என்பதை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருக்க வேண்டும். சேலையோ, வேட்டியோ, துண்டோ, மூங்கில் கழியோ, லாரி டியூபோ, மூடியை இறுக்கி மூடிய காலி எண்ணெய்க் கேனோ, எது கையில் கிடைத்தாலும் அதை வீசுங்கள், நீட்டுங்கள். நீட்டும்போது நின்றுகொண்டு நீட்டாதீர்கள், கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே இழுப்பில் நீங்களும் உள்ளே போவீர்கள். வீசுகிற நேரத்திலேயே இன்னொருவர் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடட்டும், 108க்குப் போன் போகட்டும்.

மூழ்குகிறவனுக்கு அந்த நேரத்தில் அண்ணன், தம்பி, அம்மா என்று எதுவும் தெரியாது. கையில் அகப்பட்டதை அழுத்திக்கொண்டு மேலே ஏறத்தான் உடம்பு பார்க்கும். அவன்மேல் குற்றமில்லை. நீச்சல் நன்றாகத் தெரிந்தவரையும் இப்படிப் பிடித்துக்கொண்டால் கை காலை அசைக்க முடியாது. தப்பித்தவறி யாராவது அப்படிப் பிடித்துவிட்டால் மேலே வரப் போராடாமல் கீழே முங்குங்கள், மூழ்குகிறவனுக்கு மேலேதான் போக வேண்டும் என்பதால் பிடி பெரும்பாலும் தளரும். இதை மாமாவிடம் யாராவது சொல்லியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

இன்னொன்று. சினிமாவில் காட்டுவதுபோல ‘காப்பாத்துங்க’ என்று கத்திக் கையாட்டிப் பெரும்பாலும் யாரும் மூழ்குவது கிடையாது. மூச்சு விடவே வாய் போதாதபோது எங்கே கத்துவது? தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்ப்போய் வரும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், அவ்வளவுதான், ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, பிள்ளை விளையாடுகிறது என்றுதான் தோன்றும். அதனால் குடும்பமாகப் போனால் ஒரு ஆளை இதற்கென்றே நிறுத்துங்கள். அவர் கையில் போன் வேண்டாம், பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருக்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம். குடித்தவரை அந்த வேலையில் நிறுத்தாதீர்கள், அவரைத் தண்ணீரிலும் இறங்க விடாதீர்கள். மாமனோ மச்சானோ, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நம் ஆறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதம் காவிரியைப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர்தான், குழந்தைகூட நடந்து போகும். ஆனால் மணல் அள்ளிய குழிகள் அடியில் அப்படியே கிடக்கின்றன. நான்கு அடி நடந்தால் முழங்கால், ஐந்தாவது அடியில் இரண்டு ஆள் ஆழம். தடுப்பணைகளின் கீழ்ப்புறமும் அப்படித்தான், விழுகிற தண்ணீர் அடியில் அரித்து வைத்திருக்கும், மேலே பாசி வேறு. போன வருஷம் குளித்த இடம்தானே என்று போகாதீர்கள், இந்த வருஷம் அது வேறு இடம். உள்ளூர்க்காரர்களிடம், முக்கியமாகத் துணி துவைக்கும் பெண்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள், எங்கே இறங்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அருவி என்றால் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மழை மலையில் பெய்கிறது, தண்ணீர் நம்மிடம் வருகிறது. தண்ணீர் கலங்கலாகி இலையும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ, சத்தம் மாறினாலோ, சோப்பையும் துணியையும் விட்டுவிட்டு மேலே ஏறிவிடுங்கள்.

ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகக் குதிப்பதும் பல்டி அடிப்பதும் இன்னொரு வகை ஆபத்து, கழுத்தெலும்பு முறிந்தால் வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான். முதலில் காலால் இறங்கிப் பாருங்கள்.

மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடப்பதுதான் என்னை மிகவும் பதைக்க வைக்கிறது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவது என்று ஊர் ஊராகச் செய்கிறார்கள். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் போகலாம், அதைவிட முக்கியம், மூச்சில்லாமல் நான்கைந்து நிமிஷம் போனால் மூளை கெட ஆரம்பித்துவிடும், அந்த நிமிஷங்களைத்தான் நாம் சுற்றிச் சுற்றி வீணாக்குகிறோம். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயரும்படி சில மூச்சு ஊத வேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் கையை வைத்து, பெரியவர் என்றால் சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30, ஆம்புலன்ஸ் வரும்வரை. கண் திறந்துவிட்டான், பேசுகிறான் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள், சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம், ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

இதையெல்லாம் படிக்கிறவர்கள் சிலர், சரி, பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாவிட்டால் போகிறது என்பார்கள். எங்கள் வீட்டில் மாமாவுக்குப் பிறகு அதைத்தான் செய்தார்கள். எனக்குப் பின்னால் பிறந்த ஒருவருக்கும் நீச்சல் தெரியாது, ஆனால் எல்லோரும் திருட்டுத்தனமாக வாய்க்காலுக்குப் போனவர்கள்தான். பயமுறுத்தி வளர்த்ததில் ஆபத்து கூடியதே தவிரக் குறையவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்களில் கோடையில் பயிற்சி வைக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பெண் பிள்ளைகளையும் சேர்த்து அனுப்புங்கள். கெடிலத்திலும் மாயனூரிலும் போனவர்கள் எல்லோருமே பெண் பிள்ளைகள் என்பதை மறக்க முடியவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரே வேண்டுகோள்தான். அடுத்த முறை சுற்றுலாப் பக்கம் போடும்போது, அதே பக்கத்தில், மீன் வறுவல் கடைக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

வருகிற வாரம் நாங்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறோம். அந்தக் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பியாகிவிட்டது, வாய்க்காலும் ஏரியும் அப்படியேதான் இருக்கின்றன. 20 மீட்டர் நைலான் கயிறு வாங்கி ஒரு நுனியில் காலி கேனைக் கட்டி, என் மகளையும் தம்பி பிள்ளைகள் இரண்டு பேரையும் மொட்டை மாடியில் நிறுத்தி, எதிர்க் கோடியில் ஒரு பக்கெட்டை வைத்து எறிந்து பழக வைத்தேன். முதல் நாள் ஒருவருக்கும் குறி விழவில்லை. மூன்றாம் நாள் சின்னவன் எறிந்த கேன் பக்கெட்டைத் தாண்டிப் போய் விழுந்தது, கயிறு அதன்மேல் சரியாகக் கிடந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சி