பல் ஆடுதுன்னா உடனே பிடுங்கணுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பரம் முழுப்பக்கம் வந்துச்சு, ஆடுற பல்லையெல்லாம் எடுத்துட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்புல பதிக்கற திருகு) வச்சு புதுப் பல்லு மாட்டிருவோம், காசை தவணையில கட்டலாம்னு. விளம்பரம் போடுறது உங்க தொழில், அதை நான் குறை சொல்லல. ஆனா அந்தப் பல்லு எதுக்கு ஆட ஆரம்பிச்சுது, பிடுங்காம காப்பாத்த வழி இருக்கான்னு யாராவது எழுதினா நாலு பேருக்கு உபயோகமா இருக்குமேன்னு தோணுச்சு. நான் டாக்டர் கிடையாது, திண்டுக்கல்ல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கற பார்மசிஸ்ட், ஆனா இந்த ஈறு சமாச்சாரம் தினமும் என் கவுன்டர்ல வந்து நிக்குது.

எப்படி வரும்னா, "அண்ணே ஈறு வீங்கிக்கிச்சு, ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க"ன்னு வரும். சீட்டு கேட்டா இருக்காது, எப்பவோ வாங்கின பழைய அட்டையைக் காட்டுவாங்க, அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும், ரெண்டும் கிருமியைக் கொல்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை. இல்லன்னா கம் பெயின்ட், கிராம்புத் தைலம், டிவியில பாத்த மவுத்வாஷ். மாத்திரை முழுங்கினா வீக்கம் வடியும், ஆளும் மறந்துருவார், கொஞ்ச மாசம் கழிச்சு அதே இடத்துல திரும்ப வீங்கும். ஏன்னா ஈறுக்கு அடியில பல்லோட ஒட்டி இறுகிப் போன அழுக்கு அப்படியேதான் இருக்கு, அதை எந்த மாத்திரையாலயும் கரைக்க முடியாது, கருவி வச்சு சுரண்டித்தான் எடுக்கணும்.

பல்லு மேல கிருமிங்க சேந்து வழவழன்னு ஒரு படலம் படியுது, அதுதான் பிளேக், ஒழுங்கா தேச்சா போயிரும். தேய்க்காம விட்ட இடத்துல எச்சில்ல இருக்கற கால்சியம் சேந்து ரெண்டு மூணு நாள்லயே இறுக ஆரம்பிச்சிரும், அப்புறம் பிரஷ் எல்லாம் அதை ஒண்ணும் செய்ய முடியாது, பல் டாக்டருங்க காரைன்னு சொல்றது இதைத்தான். ஈறு சிவந்து, உப்பி, தேய்க்கறப்ப ரத்தம் வரும். இந்தக் கட்டத்துலயே பிடிச்சா முழுசா சரியாயிரும். 1965-ல டென்மார்க்ல ஹரால்ட் லோவேன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர்கூட இருந்தவங்களும் ஈறு நல்லா இருந்த 12 பேரை பல்லே தேய்க்காம இருக்கச் சொல்லிப் பாத்தாங்க, மூணு வாரத்துக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிருச்சு, திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிருச்சு. பல் டாக்டருக்குப் படிக்கற எங்க அண்ணன் மக சொல்லித்தான் எனக்கு இது தெரியும் (அந்த மூணு வாரமும் அவங்க வீட்ல இருந்தவங்களை நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு).

கண்டுக்காம விட்டா சில பேருக்கு அதோட நிக்காது. ஈறு பல்லை விட்டு விலகி நடுவுல பள்ளம் விழும், பாக்கெட்னு சொல்றாங்க, அதுக்குள்ள காரை இறங்கும், பல்லைப் பிடிச்சு நிறுத்தியிருக்கற எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும். கரைஞ்ச எலும்பு தானா திரும்பி வளராது. இதுல கொடுமை என்னன்னா பெரும்பாலும் வலியே இருக்காது. சொத்தைப் பல்லு ராத்திரி தூங்க விடாது, அதனால மறுநாள் காலையிலயே டாக்டர் வீட்டு வாசல்ல நிப்போம். ஈறு அப்படி இல்ல, வாய் நாத்தம், பல்லு முன்ன விட நீளமா தெரியறது, முன்பல்லுக்கு நடுவுல புதுசா ஒரு சந்து, இவ்வளவுதான் காட்டும். பீடி சிகரெட் குடிக்கறவங்களுக்கு ரத்தம் கூட அதிகமா வராது, நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி நோயை மறைச்சிரும், எனக்கு ஈறு நல்லாத்தான இருக்குன்னு சொல்லிட்டே இருப்பாங்க, பல்லு ஆடறப்பதான் முழிப்பாங்க.

எங்க மச்சான் கதை இதுதான். லாரி ஓட்டறவர், சுகர் வேற. கீழ முன்பல்லு ஆடுதுன்னு ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கார், ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு முன்னாடி இருக்கற ஆறு பல்லையும் எடுத்துருவோம், இம்ப்ளான்ட் வச்சுக்கலாம்னு லட்சத்துக்கு மேல எஸ்டிமேட் எழுதிக் குடுத்துட்டாங்க, சுகர் எவ்வளவு இருக்குன்னு கூட கேக்கல. வீட்ல இதைப் பேசிட்டு இருக்கறப்ப அண்ணன் மக கேட்டது ஒரே கேள்வி, "சித்தப்பா, பாக்கெட் அளந்தாங்களா?" அளக்கவே இல்ல.

அப்புறம் மதுரைப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில ஈறு பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். பிஜி படிக்கற டாக்டரம்மா ஒருத்தர் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிசான கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்துல ஈறு ஓரத்துல மெதுவா இறக்கி இறக்கி நம்பர் சொல்ல, பக்கத்துல ஒரு பையன் சார்ட்ல எழுதிட்டே இருந்தான், மூணு, ரெண்டு, ஆறு, அஞ்சு, ஏழுன்னு. மூணு வரைக்கும் இருந்தா நல்ல ஈறு, நாலுக்கு மேல போய் ரத்தமும் வந்தா கவனிக்கணும், ஆறு ஏழெல்லாம் எலும்பு போயிருக்குன்னு அர்த்தம்னு பொறுமையா சொன்னாங்க. முதல்ல சுகர் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் சுத்தம் பண்ணினாங்க, ஆறு வாரம் கழிச்சு வரச்சொல்லி திரும்பவும் அதே கம்பியால அளந்தாங்க. பாதிக்கு மேல மூணு நாலுன்னு இறங்கியிருந்துச்சு, இறங்காத ஒரு பக்கத்துல மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் பண்ணி தையல் போட்டாங்க, பிளாப் சர்ஜரின்னு பேரு. ஒரே ஒரு பல்லுக்கு எலும்பே மிச்சமில்ல, அதை எடுத்துட்டாங்க, மத்த அஞ்சையும் உள்பக்கமா கம்பி வச்சு சேத்துக் கட்டியாச்சு. வேணாம்னு சொன்னாலும் கேக்காம மனுஷன் அதுலயேதான் முறுக்கு கடிக்கறார்.

அதனால இம்ப்ளான்ட்டே ஏமாத்துன்னு நான் சொல்லல, பல்லு உண்மையிலேயே போயிட்டா அது நல்ல வைத்தியம்தான். ஆனா ஈறு நோயைச் சரி பண்ணாம அதுக்கு மேல இம்ப்ளான்ட் வச்சா அதைச் சுத்தியும் இதே மாதிரி ஈறு வீங்கி எலும்பு கரையும், அப்ப லட்சமும் போச்சு. பிடுங்கணும்னு யாராவது சொன்னா, அளந்தீங்களா, நம்பர் எவ்வளவு, எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கேளுங்க, கேட்டா கோவப்படற டாக்டர்கிட்ட இருந்து எந்திரிச்சு வந்துருங்க. சாதாரண கிளீனிங் எந்த பிடிஎஸ் டாக்டரும் பண்ணுவாங்க, பாக்கெட் ஆழமா இருந்தா பெரியோடான்டிக்ஸ்ல, அதாவது ஈறு வைத்தியத்துல, எம்டிஎஸ் மேல்படிப்பு முடிச்சவங்களைத் தேடணும், போர்டுல அது போட்டிருக்கும். பல் மருத்துவ கவுன்சில் பதிவு நம்பரே இல்லாம பல்லு கட்டற ஆளுங்க இன்னமும் இருக்காங்க, அந்தப் பக்கமே போகாதீங்க.

கிளீனிங் பண்ணினா பல்லு ஆடும், சந்து விழும்னு கடையில என்கிட்டயே அடிச்சு சொல்றாங்க. சந்து முன்னாடியே இருக்கு, காரை அதை அடைச்சிட்டு இருந்துச்சு, எடுத்ததும் கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், அப்புறம் குறையும். உப்பு, அடுப்புக்கரி, செங்கல் பொடி வச்சு அழுத்தித் தேய்க்கறதுல பல்லுதான் தேயுது, ஈறு ஓரத்துல இருக்கறது அப்படியே இருக்கும். மெத்துன்னு இருக்கற பிரஷை ஈறு ஓரத்துல சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு நிமிஷம், ராத்திரியும் சேத்து, சந்து இருக்கறவங்களுக்கு அதுக்குன்னு சின்னதா குச்சி பிரஷ் இருக்கு. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல இழுத்துட்டே போனா பல்லு காப்பிக் கலர்ல கறை பிடிக்கும், அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது.

மருந்துக் கடைக்காரனா இன்னொண்ணு சொல்லணும். பிரஷருக்குப் போடற அம்லோடிபின், வலிப்புக்குப் போடற பெனிடாயின், இதெல்லாம் சிலருக்கு ஈறை வளர வச்சு பல்லையே மூடிரும். அப்படி இருந்தா மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட வாயைத் திறந்து காட்டுங்க, மாத்திக் குடுப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க அதைப் பல் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க.

காசுதான் பிரச்சினைன்னா, பெரிய ஜிஎச்கள்ல பல் பிரிவு இருக்கு. சென்னையில கோட்டை ரயில் நிலையம் பக்கத்துல 1953-ல ஆரம்பிச்ச அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, புதுக்கோட்டையிலயும் 2023-ல ஒண்ணு திறந்துட்டாங்க. தனியார் பல் கல்லூரிங்கள்லயும் கிளினிக்கை விட ரொம்பக் குறைச்சல்தான், என்ன, படிக்கற பசங்க செய்வாங்க, பெரிய டாக்டர் வந்து பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கணும், பாதி நாள் போயிரும்.

கடைசியா சுகாதாரத்துறைக்கு ஒரு கோரிக்கை, அவங்க கண்ணுல படற மாதிரி போடுங்க. சுகர் இருந்தா ஈறு நோய் முத்தும், ஈறு நோய் இருந்தா சுகர் கட்டுப்படாது, ஈறு வைத்தியம் முடிச்சவங்களுக்கு மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி (கடந்த ரெண்டு மூணு மாச சுகரோட சராசரியைக் காட்டற ரத்த டெஸ்ட்) சராசரியா 0.4 சதவீதப் புள்ளி குறையறதா ஆய்வுகள் சொல்லுது, மாத்திரை விக்கற எனக்குத் தெரியும் அது சின்ன விஷயம் இல்ல. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா வந்து சுகர், பிரஷர் பாத்து மாத்திரை குடுக்கறாங்க, அந்தப் பொண்ணுங்க கூட ரெண்டு கேள்வி சேத்துக் கேக்கட்டும், பல்லு தேய்க்கறப்ப ரத்தம் வருதா, ஏதாவது பல்லு ஆடுதான்னு. ஆமான்னு சொன்னா ஜிஎச் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டு, அடுத்த மாசம் மாத்திரை குடுக்க வர்றப்ப போனீங்களான்னு கேட்டாப் போதும்.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்.