லினக்ஸ் ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். புதிதாக வேலைக்குச் சேரும் பட்டதாரிகளுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களை அவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு அடைவுகளுக்கிடையே (கோப்புறைகளுக்கிடையே) போய்வர வேண்டியிருந்தால், நீண்ட பாதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அடிக்கிறார்கள். ஓர் எழுத்து பிசகினால் முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குகிறார்கள். இரண்டே வாரங்களில், கட்டளை வரி தமக்கு வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குறை அவர்களுடையதன்று, விரல்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

முதல் ஆய்வக வகுப்பில் ஒரு மணி நேரத்தை இந்த விசைப் பழக்கத்துக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டேப் விசையிலிருந்து தொடங்கலாம். பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து அதை அழுத்தினால், நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் என்ற நிரல் மீதியை நிரப்பும். பொருந்தும் பெயர்கள் பல இருந்தால், மறுமுறை அழுத்தும்போது அவற்றை வரிசையாகக் காட்டும். இதை வேகத்துக்கான வசதியாக மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். டேப் நிரப்பிய பாதை வட்டில் உண்மையில் இருக்கிறது என்ற உறுதி, தொடக்கநிலை மாணவருக்கு வேகத்தைவிட மதிப்புள்ளது.

அடுத்து, அழிப்பது. கன்ட்ரோல் டபிள்யூ முந்தைய இடைவெளி வரை அழிப்பதால் பாதை முழுவதும் போய்விடும். ஆல்ட்டுடன் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் சாய்கோட்டில் நின்றுவிடும் என்பதால், பாதையின் கடைசிப் பெயர் மட்டும் நீங்கும். ஒரு மாணவி இந்த வேறுபாட்டைத் தானாகச் செய்து பார்த்த அன்று, அடைவு மரம் என்று நான் நாள்கணக்கில் விளக்கியது அவருக்கு ஒரு நொடியில் புரிந்தது.

அடைவு மாற்றும் கட்டளையான 'சிடி'க்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு இட்டால், சற்றுமுன் இருந்த அடைவுக்குத் திரும்பலாம். மூன்று நான்கு இடங்களுக்குப் போய்வர வேண்டியவர்களுக்கு 'புஷ்-டி', 'பாப்-டி' இருக்கின்றன; முன்னது இருக்கும் அடைவை ஓர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு வேறிடம் போகும், பின்னது அடுக்கிலிருந்து எடுத்து அங்கே திரும்பும். அந்த அடுக்கு முறையை முதலில் உருவாக்கியவர் ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கில் இருந்த ஜே. ஈ. குல்ப் என்று பாஷைப் போன்ற பழைய கட்டளை நிரலான சி ஷெல்லின் கையேடு குறிப்பிடுகிறது. புதிய அடைவை உருவாக்கிய கையோடு 'சிடி' அடித்து, இடைவெளி விட்டு, ஆல்ட்டுடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால், முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லான அந்தப் பாதை தானே வந்து அமரும்.

வகுப்புக்கு முன் ஆய்வகக் கணினிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில முனைய நிரல்களில் (கட்டளை அடிக்கும் சாளரங்களில்) ஆல்ட் எஃப் அடுத்த சொல்லுக்கு நகராமல் மேலே உள்ள பட்டியைத் திறந்துவிடும்; பட்டிக்கான ஆல்ட் விசைகளை அமைப்புகளில் முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு பயிற்றுநர்