44 ரூபாய் 26 காசுக்காக என்னைக் கடன் ஏய்ப்பவனாக்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்
அச்சக உரிமையாளர்,
புதுக்கோட்டை.

பெறுநர்
முதன்மை நோடல் அதிகாரி அவர்கள்,
கடன் அட்டைப் பிரிவு,
சென்னை.

நாள்: 01.07.2024

பொருள்: மூடிய கடன் அட்டைக் கணக்கில் ₹44.26 நிலுவை காட்டி, முன்னறிவிப்பின்றித் தள்ளுபடிக் கணக்கில் சேர்த்துக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அறிவித்தமை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த ஆண்டு மார்ச் மாதம் முதல் இதே பொருள் குறித்துத் தங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்குக்கும் வந்த பதில்கள் ஒரே பிளேட்டில் அச்சடித்தவை போல, 'தங்கள் கருத்தை மதிக்கிறோம், உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்' என்ற இரண்டே வரிகளோடு, 'வாடிக்கையாளர் சேவைக் குழு' என்ற ஒப்பத்துடன் முடிந்தன. ஒரு தேர்தல் துண்டறிக்கையில்கூட அச்சிட்டவர் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்களைச் சட்டம் சும்மா விடுவதில்லை. தங்கள் கடிதங்களுக்கு மட்டும் பெயர் தேவையில்லை போலும்.

நடந்தது இதுதான். 2023 மார்ச் 8ஆம் தேதியிட்ட பில்லில் நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகை ₹3,260. மார்ச் 18ஆம் தேதி அந்தத் தொகை முழுவதையும் கட்டிவிட்டு, அன்றே வாடிக்கையாளர் சேவை எண்ணில் அழைத்து, அட்டையை மூடச் சொன்னேன். பேசிய பெண்மணி, "உங்கள் நிலுவை பூஜ்யம் சார், ஏழு வேலை நாளில் மூடிவிடுவோம்" என்றார். ஏப்ரல் 3ஆம் தேதி 'தங்கள் கணக்கு மூடப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அட்டையை நான்காக வெட்டிக் குப்பையில் போட்டேன். அந்த மார்ச் பில்லுக்கு முந்தைய மாதம், காகிதக் கொள்முதல் நெருக்கடியில் பில் தொகையில் ஒரு பகுதியை மட்டும் கட்டியிருந்தேன் என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் பில் தேதிக்கும் நான் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட பத்து நாள்களுக்கு, ஆண்டுக்கு 42 சதவீத வீதத்தில் ₹37.51 வட்டியும், அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக ₹6.75ம் சேர்ந்து, ₹44.26 என்று ஒரு தொகை அடுத்த பில்லில் முளைத்திருக்கிறது. இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து நானே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து போட்டுக் கண்டுபிடித்தேன்.

கடன் அட்டை வியாபாரமே செய்யும் தங்களுக்கு, பில் தேதிக்குப் பிறகும் வட்டி ஓடும், அது அடுத்த பில்லில்தான் தெரியும் என்பது தெரியாதிருக்க முடியாது. அப்படியானால் அட்டையை மூடக் கேட்ட அன்றே, 'இன்றைய தேதி வரை இவ்வளவு வட்டி வருகிறது, அதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐம்பது ரூபாய் சேர்த்துக் கட்டச் சொல்லியிருந்தால் மறுக்கவா போகிறேன்? ஏப்ரல் பில் வந்ததாகச் சொல்லப்படும் நாளில் தங்கள் செயலியில் என்னால் உள்ளே நுழையவே முடியவில்லை. 'தங்கள் பெயரில் செயல்பாட்டில் உள்ள அட்டை எதுவுமில்லை' என்றே அது சொன்னது. செயலிக்கு மூடப்பட்ட கணக்கு, வட்டிப் பிரிவுக்கு மட்டும் உயிருள்ள கணக்கு.

இது எனக்குத் தெரியவந்தது 2024 பிப்ரவரியில், சிவகாசியில் விலைக்கு வந்த ஒரு பழைய ஆஃப்செட் இயந்திரத்தை வாங்குவதற்காக வேறொரு வங்கியில் ₹6 இலட்சம் கடன் கேட்டபோதுதான். அந்த வங்கியின் மேலாளர் தம் கணினியைத் திருப்பிக் காட்டினார். தங்கள் நிறுவனத்தின் பெயருக்கு எதிரே, நிலுவை 44 ரூபாய் என்றும், மாதக் கட்டங்களில் தாமத நாள்கள் ஒன்றைவிட ஒன்று கூடிக்கொண்டே போவதாகவும், இறுதியில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது தள்ளுபடி செய்யப்பட்டது என்றும் இருந்தது. அந்தச் சொல் அவருடைய மொழியில் வாராக்கடன் என்றே பொருள்படும். தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே அவர்களுடைய கணினி விண்ணப்பத்தைத் தள்ளிவிடுகிறது. கடன் கொடுக்கலாமா என்று வங்கிகள் பார்க்கும் என் சிபில் மதிப்பெண் 781இலிருந்து 634க்கு இறங்கியிருந்தது. 44 ரூபாயைத் தள்ளுபடி செய்து தாங்கள் எனக்குச் சலுகை காட்டியதாக நினைத்திருந்தால், அந்தச் சலுகையை நான் கேட்கவில்லை. கேட்காத சலுகையைக் கொடுத்து, அதையே குற்றமாக எழுதி நாட்டின் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பிவைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறேன்.

மன்னிக்கவும், வரிசையாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஜூன் 11ஆம் தேதி நடந்ததைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது. அன்று இரவு 7.40க்கு என் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. கையெல்லாம் மையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். எதிரே மேசையில், ஆவணி முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மணமகனின் தந்தையும் அவருடைய மைத்துனரும் அமர்ந்திருந்தனர். தங்கள் வசூல் முகவர் தம் பெயரைச் சொல்லவில்லை, எந்த முகமை என்று சொல்லவில்லை, எடுத்த எடுப்பில், "நாப்பத்தி நாலு ரூவா கட்ட வக்கில்லாதவன் எதுக்குய்யா கார்டு வாங்குன?" என்றார். நான் கட்டத் தயாராகத்தான் இருக்கிறேன், எங்கே கட்டுவது என்று சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "அதையும் நானே வந்து சொல்லிக் குடுக்கணுமா?" என்றார். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊரில் தொழில் செய்கிறேன். காகிதக் கடைக்காரர் என்னிடம் கையெழுத்து வாங்காமல் சரக்கு இறக்குகிறார். அப்படிப்பட்ட என் கடையில் வைத்து, என் வாடிக்கையாளர் காதுபட இந்தப் பேச்சு. அவர்கள் மாதிரிகளை மடித்து வைத்துவிட்டு, "வீட்ல கலந்துக்கிட்டு வர்றோம்ணே" என்று எழுந்து போனவர்கள், இன்றுவரை வரவில்லை. கடனை வசூலிக்கக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. அந்த அழைப்பு தங்கள் ஒலிப்பதிவில் இருக்கும். அதைத் தாங்கள் ஒருமுறை, தங்கள் வீட்டுப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

எங்கே கட்டுவது என்பதுதான் நான்கு மாதங்களாக நான் கேட்கும் கேள்வி. பழைய அட்டை எண்ணுக்கு இணையவழியில் அனுப்பிய பணம் மறுநாளே திரும்பி வந்தது. ஏப்ரல் மாதம் திருச்சிக் கிளைக்குப் போய், ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டியபோது, கவுண்டரில் இருந்தவர் எண்ணை அடித்துப் பார்த்து, "இந்தக் கணக்கே இல்லையே சார், இல்லாத கணக்குக்கு எப்படி வரவு வைப்பது? கார்டு பிரிவு தனி" என்று சொல்லிவிட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் ஒரு தம்ளர் தண்ணீராவது கொடுத்தார். அதன்பின் ₹44.26க்கு ஒரு காசோலை எழுதி விரைவு அஞ்சலில் அனுப்பினேன். தபால் செலவே ஏறத்தாழ அந்தத் தொகை ஆயிற்று. காசோலை இன்றுவரை பணமாக்கப்படவுமில்லை, திரும்பி வரவுமில்லை.

எனவே மே 6ஆம் தேதி, இரவுப் பேருந்தில் ஏறி, சென்னையில் உள்ள தங்கள் கடன் அட்டை அலுவலகத்துக்கே நேரில் வந்தேன். அன்று வெயில் எப்படி இருந்தது என்பது சென்னையில் இருக்கும் தங்களுக்குத் தெரியும். வாசலில் காவலாளி ஒரு பதிவேட்டில் பெயர், ஊர், வந்த நோக்கம் எல்லாம் எழுத வைத்தார். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் 'கடன் கட்ட' என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்து, "வாடிக்கையாளர் யாரையும் மேலே விடுவதில்லை, மெயில் போடச் சொல்கிறார்கள்" என்ற பதில் வந்தது. மெயில் மூன்று போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றதற்கு, வரவேற்பறைத் தொலைபேசியில் பேசிய அதிகாரி, தொகையைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் எழுத்துவழிப் புகாரை மட்டும் வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தனர். அந்த முத்திரை பதிந்த பிரதியும், 2023 மார்ச் பில், பணம் கட்டிய ரசீது, ஏப்ரல் 3ஆம் தேதிக் குறுஞ்செய்தியின் நகல், என் கடன் அறிக்கை ஆகியவையும் இக்கடிதத்துடன் உள்ளன. 44 ரூபாயைக் கட்டுவதற்காகப் போக்குவரத்துக்கும் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் நான் செலவழித்தது ₹2,300. இரண்டு நாள் அச்சகம் பூட்டிக் கிடந்தது தனி.

விதிகளை நான் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை என்றாலும், சொல்லியாக வேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளிவிட்டீர்கள். கடன் அட்டைகள் குறித்த ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு முதன்மை நெறிமுறை, ஒருவரைத் தவணை தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனத்துக்கு அறிவிக்கும் முன் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. எனக்கு வந்த தகவல் எது, எந்தத் தேதி, எந்த எண்ணுக்கு? சிறிய நிலுவைகளைப் பொறுத்தவரை பல நிறுவனங்களின் கட்டணப் பட்டியலில், நூறு ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்குத் தாமதக் கட்டணமே கிடையாது. தங்கள் பட்டியலும் அப்படித்தான். கட்டணம் போடும் அளவுக்குக்கூட மதிப்பில்லாத தொகை என்று தாங்களே ஒதுக்கிய ஒன்று, ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்க மட்டும் போதுமானதாக இருப்பது எப்படி? அந்த ₹44.26இல் அசல் என்று ஒரு காசுகூட இல்லை. அத்தனையும் வட்டியும் வரியும்தான்.

அதே நெறிமுறைப்படி, நிலுவை இல்லாத கணக்கை மூடக் கேட்டு ஏழு வேலை நாள்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹500 வாடிக்கையாளருக்குத் தரவேண்டும். கணக்கு மூடப்பட்டது என்றால், மூடிய கணக்கில் தாமத நாள்கள் ஓடியது எப்படி? மூடப்படவில்லை, நிலுவை இருந்தது என்றால், நிலுவை பூஜ்யம் என்று தொலைபேசியில் சொன்னதும், மூடிவிட்டோம் என்று ஏப்ரல் 3இல் செய்தி அனுப்பியதும் யார்? இரண்டில் ஒன்றைத் தாங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், நிலுவை பூஜ்யம் என்று தாங்களே சொன்ன கணக்கை மூடாத நாள் கணக்கு 450ஐத் தாண்டிவிட்டது, தொகை இரண்டேகால் இலட்சத்துக்குக் குறையாது என்பதை நினைவூட்டுகிறேன். கடன் அறிக்கையில் உள்ள பிழை குறித்த புகாரை 30 நாள்களில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு என்ற விதியும் கடந்த ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. என் முத்திரையிட்ட புகாருக்கு அந்தக் கெடு ஜூன் 5ஆம் தேதியே முடிந்துவிட்டது.

என் இழப்பைச் சொல்கிறேன். இயந்திரத்துக்குக் கொடுத்த முன்பணம் ₹25,000 போயிற்று. இயந்திரம் வேறொருவர் கைக்குப் போயிற்று. வைகாசி முகூர்த்த அழைப்பிதழ்கள், ஜூன் மாதப் பள்ளிக்கூட வேலைகள் என்று கையிலிருந்த வேலைகளை வேறு அச்சகங்களுக்குத் திருப்பிவிட நேர்ந்தது. வரும் புத்தாண்டுக் காலண்டர் வேலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்து இலட்ச ரூபாய்க்குக் குறையாது. பெயர் கெட்டதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. இது அதிகமாகத் தோன்றினால், ஜூன் 11ஆம் தேதி என் கடையிலிருந்து எழுந்து போனவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

எனக்குத் தங்களோடு வழக்காடும் விருப்பமில்லை. தங்கள் அட்டையை ஒன்பது ஆண்டுகள் பயன்படுத்தியவன் என்ற முறையில் கேட்கிறேன்: ₹44.26ஐக் கட்டுவதற்குச் செல்லுபடியாகும் ஒரு வழியை எழுத்தில் தெரிவியுங்கள், அல்லது அது தங்கள் தவறால் எழுந்தது என்று ஒப்புக்கொண்டு நீக்குங்கள்; 'ரிட்டன் ஆஃப்' என்ற குறிப்பையும் தாமத நாள்களையும் நான்கு நிறுவனங்களிலும் திருத்துங்கள்; நிலுவையின்மைச் சான்றாகிய என்.ஓ.சி.யைத் தாளில், ஓர் அதிகாரியின் பெயரோடும் கையொப்பத்தோடும் அனுப்புங்கள். அந்த முகவர் யார் என்று கண்டறிந்து, அவரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு பெற்றுத் தாருங்கள்.

இக்கடிதம் கிடைத்த பத்து நாள்களுக்குள் பெயருள்ள ஒருவரிடமிருந்து பதில் வராவிட்டால், முத்திரையிட்ட புகாருக்கு 30 நாள் கடந்துவிட்ட நிலையில், 2021ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் மனு அளிப்பேன். இழப்புக்கு ₹20 இலட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியே ₹1 இலட்சம் வரையும் ஈடு வழங்க அங்கே அதிகாரம் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அங்கும் நீதி கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது நுகர்வோர் ஆணையம். என் மனுவை நானே அச்சடித்துக்கொள்வேன்; அதற்கு எனக்குச் செலவில்லை.

என்னிடம் தொலைபேசியில் பேசவேண்டியிருந்தால், காலை 10 மணிக்கு மேல் மாலை 6 மணிக்குள் அழைக்கவும். அழைப்பவர் முதலில் தம் பெயரைச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அச்சக உரிமையாளர்,
புதுக்கோட்டை.