ஊருக்குப் போகும் முன்: அலாரம், கேமரா பற்றி

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்குப் பலர் ஊருக்குப் புறப்படுகிறீர்கள். வீட்டுத் திருட்டு அலாரம், கேமரா பற்றி நம் குழுவில் கேள்விகள் குவிவதால் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள்ளிருந்து தாழ்வாரத்தைப் பார்க்கும்படி கேமரா வைக்க 2023 முதல் அனுமதி தேவையில்லை. அடுத்த வீட்டுக் கதவோ சன்னலோ அதில் தெரியக்கூடாது. வெளிச்சுவரில் மாட்டுவதென்றால் நகர மன்றத்திடம் கேட்கத்தான் வேண்டும்.

அலாரம் நிறுவனத்திடம் முதலில் விலையைக் கேட்காதீர்கள். ஒலித்தால் யாருக்குத் தகவல் போகும் என்று கேளுங்கள். சில கருவிகள் உங்கள் கைப்பேசிக்கு மட்டுமே செய்தி அனுப்பும். நீங்கள் அப்போது திருச்சி விமானத்தில் இருந்தால் என்ன பயன்? 24 மணி நேரக் கண்காணிப்பு மையம் வைத்திருப்பவர்கள் மாதச் சந்தா கேட்பார்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும், கருவி யாருக்குச் சொந்தம், வைஃபை போனால் வேலை செய்யுமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

2020இல் சிங்கப்பூர் வீட்டுக் கேமராக்களை ஊடுருவி எடுத்த காட்சிகள் ஆபாசத் தளங்களில் வெளியாயின. ஆகவே பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின், பாதுகாப்பு அளவைக் காட்டும் நட்சத்திர முத்திரை உள்ள கேமராவையே வாங்குங்கள். படுக்கையறையில் கேமரா எதற்கு என்பது என் கட்சி.

அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்றவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம்.

வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் குழுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.