நான் பெயர் கேட்டு வைக்காத உங்களுக்கு, நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்திலிருந்து

சுனாமி சமயத்தில் எங்களுக்கு உதவ வந்த அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

இன்றைக்கு டிசம்பர் 26. எங்கள் பக்கம் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. காலையில் கரைக்குப் போய்ப் பாலையும் பூவையும் கடலில் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். 20 வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. உங்களில் ஒருத்தர் பெயரையாவது அப்போது கேட்டு வைத்திருந்தால் எழுதியிருப்பேன்.

2004-ல் அது ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அரையாண்டு லீவு. நானும் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தோம். நூல் தீர்ந்துபோனது. மூன்று பேரில் யார் போவது என்று சண்டை. கடைசியில் ஒருத்தன் தன் சைக்கிளைக் கொடுத்து என்னை நாகப்பட்டினம் கடைத்தெருவுக்கு அனுப்பினான். அவர்கள் பெயரை எழுதவில்லை, அவர்கள் வீட்டார் விரும்பமாட்டார்கள்.

சுமத்ரா பக்கம் காலை ஆறரைக்கே கடலடியில் பூமி அதிர்ந்துவிட்டது. எங்கள் கரைக்குத் தண்ணீர் வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் சொல்ல ஆளில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான். 'கடல் உள்ளே வந்துடுச்சு' என்று கத்திக்கொண்டு சனங்கள் எதிரே ஓடி வந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுனாமி என்ற வார்த்தையே அன்றைக்குச் சாயங்காலம்தான் காதில் விழுந்தது. ஊருக்குத் திரும்பலாமென்றால் பாலத்தின் மேல் படகுகள் ஏறிக் கிடந்தன. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

அதற்கப்புறம்தான் துப்புரவுத் தொழிலாளர்களான நீங்கள் வந்தீர்கள். வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து லாரியில் வந்து இறங்கினீர்கள். முதல் இரண்டு நாள் உங்களில் பாதிப் பேர் கையில் உறைகூட இல்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாங்களே கிட்டப் போகப் பயந்த உடல்களைக் கருவேல முள்ளுக்குள்ளிருந்தும் படகுக்கு அடியிலிருந்தும் எடுத்தீர்கள். எங்கள் ஊர்க்காரர்களும் தேடினோம், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முகத்தைப் புரட்டும்போதும் எங்களுக்குக் கை நடுங்கியது.

மறுநாள் மத்தியானம் சைக்கிள் கொடுத்தவன் கிடைத்தான். முகமெல்லாம் சேறு. ஒரு பெரியவர், ஐம்பது வயதிருக்கும், தான் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கன்னத்தையும் நெற்றியையும் விரலால் துடைத்துவிட்டார். "இப்ப பாரு தம்பி, உன் ஆளுதானா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயில் அப்பியிருந்த மண்ணையும் எடுத்துவிட்டு, "அம்மா வந்தா பார்க்கணும்ல" என்றார். அவன் அம்மாவும் கடலோடு போய்விட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை.

யாரோ டீ கொண்டுவந்தார்கள். கை சுத்தமில்லை என்று டம்ளரைத் தொட மறுத்துவிட்டார். நான்தான் அண்ணாந்த வாயில் ஊற்றினேன். கொஞ்சம் சட்டையில் சிந்திவிட்டது. அதற்கு அவர் சிரித்தார். அந்த இரண்டு நாளில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது.

நாகூர் தர்காக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்காமல் அடக்கம் செய்யத் தங்கள் இடத்தைக் கொடுத்தீர்கள். கல்யாண மண்டபத்தில் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட அக்காமாருக்கும், சம்பளம் வாங்காமல் இரவெல்லாம் வேன் ஓட்டியவர்களுக்கும் நன்றி. பழைய துணி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது ரோட்டோரம் மலையாய்க் குவிந்து மழையில் நனைந்தது. வீடு போனாலும் அடுத்தவர் உடுத்திய துணியைக் கட்டிக்கொள்ள எங்கள் பெண்களுக்கு மனசு வரவில்லை. நல்லெண்ணத்தில் அனுப்பினீர்கள், சரி.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் என்று அரசுக் கணக்கு. வேளாங்கண்ணிக்கு வேண்டுதலுக்காக வந்த எத்தனையோ வெளியூர்ச் சனங்களும் அதில் உண்டு. அடையாளம் சொல்ல ஆளில்லாதவர்களைப் போட்டோ எடுத்துவிட்டுச் சேர்த்துப் புதைத்தீர்கள். அந்தப் போட்டோக்களை நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

எங்கள் மூன்றாவது ஆள் அதில் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. உங்கள் கையில் அவன் வந்திருந்தால் அவன் முகத்தையும் யாராவது ஒருத்தர் துடைத்துவிட்டிருப்பீர்கள். கூட இருந்து பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். அவன் அப்பாவிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு டீயைச் சட்டையில் சிந்தியவன்
சுனாமி குடியிருப்பு, நாகப்பட்டினம்