நிலத்தடி நீர் வரைபடம் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

நிலத்தடி நீரின் தரத்தை வரைபடமாக்கி வெளியிடும் துறைகளின் பொறுப்பாளர்களுக்கும், அந்த வரைபடங்களை மென்பொருளில் உருவாக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் மென்பொருள்களைக் கல்லூரியில் கற்பித்து வருபவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு மாணவர்களோடு கள ஆய்வுக்குப் போயிருந்தபோது, ப்ளோரைடு வரைபடம் ஒன்றை அங்கிருந்தவர்களிடம் காட்டினோம். அவர்களுடைய ஊர் பச்சை நிறத்துக்குள் இருந்தது. "அப்படின்னா எங்க போர் தண்ணியக் குடிக்கலாமா சார்?" என்று ஓர் அம்மா கேட்டார். மூலத் தரவைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த ஊரில் ஒரு கிணற்று நீரும் சோதிக்கப்படவில்லை என்பதும், மாதிரி எடுத்த மிக அருகிலுள்ள கிணறு ஒரு குன்றுத் தொடருக்கு அப்பால் இருந்தது என்பதும் தெரிந்தன. பச்சையை இட்டது, சோதித்த கிணறுகளின் மதிப்புகளைக் கொண்டு இடையிலுள்ள சோதிக்காத இடங்களின் மதிப்பை ஊகிக்கும் இடைக்கணிப்பு. "முதலில் சோதித்துப் பார்த்துவிடுவோம் அம்மா" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அந்தக் கேள்விதான் இம்மடலை எழுத வைத்தது.

குடிநீரில் ப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இந்த வரம்பை மீறும் கிணறுகள் எத்தனை காலமாகப் பல்லையும் எலும்பையும் பாதித்து வந்திருக்கின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ப்ளோரோசிஸ் (ப்ளோரைடு மிகுதியால் வரும் இந்தப் பாதிப்பு) தணிப்பு என்ற சொற்கள் சேர்க்கப்பட்டதும் அதனால்தான். ஆகவே 1.5 என்ற கோடு வரைபடத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்பது இங்கே அழகியல் சார்ந்த கேள்வி ஆகாது.

அந்தக் கோடு எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைக் காட்ட ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோதிக்கப்படாத ஓர் இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கிணறு. அதில் ப்ளோரைடு 0.9. எதிர்த்திசையில் 2 கிலோமீட்டரில் இன்னொரு கிணறு, அதில் 3.0. டொனால்ட் ஷெப்பர்ட் 1968இல் முன்வைத்த தலைகீழ்த் தூர எடையிடல் முறையில் அருகிலுள்ள கிணற்றுக்குக் கூடுதல் எடையும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த எடையும் தரப்படும்; அதில் தூரத்தின் அடுக்கை 2 என்று வைத்தால் அந்த இடத்துக்குக் கிடைக்கும் மதிப்பு 1.32, அடுக்கை 1 என்று வைத்தால் 1.6. கிணறுகளும் நீரும் மாறவில்லை. உரையாடல் பெட்டியில் ஓர் எண் மாறியதும் ஊர் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போய்விட்டது. பெரும்பாலான மென்பொருள்களில் அந்த எண் 2 என்று முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். நாமும் அதைத் தொடாமலே 'சரி' பொத்தானை அழுத்திவிடுகிறோம். அந்த 2 எந்த மண்ணின் இயல்பையும் கேட்டு வைக்கப்பட்டதல்ல.

கிரிகிங் என்பது இன்னொரு இடைக்கணிப்பு முறை; எடைகளை இப்படி முன்கூட்டியே இட்டுவைக்காமல் தரவிடமிருந்தே கேட்டுப் பெறுவதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் பணியாற்றிய பொறியாளர் டேனி கிரிகே, வளமானவை என்று மாதிரிகள் காட்டிய பாறைத் தொகுதிகளை வெட்டியெடுக்கும்போது எதிர்பார்த்ததைவிடக் குறைவான தங்கமே தொடர்ந்து கிடைப்பதைக் கவனித்து, மாதிரியின் மதிப்பை அப்படியே தொகுதியின் மதிப்பாகக் கொள்வதிலுள்ள பிழையை 1951இல் எழுதினார். பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் 1960களில் அதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்து, கிரிகேயின் பெயரையே முறைக்கும் சூட்டினார். தூரம் கூடக் கூட இரண்டு கிணறுகளின் மதிப்புகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை முதலில் வேரியோகிராம் என்ற வளைவாக வரைந்து, அதிலிருந்தே எடைகளைக் கணக்கிட வேண்டும் என்பதே இதன் சாரம். அந்த வளைவு பூஜ்யத் தூரத்திலும் பூஜ்யத்தில் தொடங்காமல் சற்று மேலிருந்து தொடங்கினால், அந்த உயரத்தை நகெட் என்கிறார்கள். அது சுரங்கத்திலிருந்து வந்த சொல்: பக்கத்துப் பக்கத்து மாதிரிகள் இரண்டில் ஒன்றில் மட்டும் தங்கக்கட்டி அகப்படுவதைப் போன்ற நிலை.

நம் மாநிலத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. சார்னோகைட், நைஸ் போன்ற அந்தப் பாறைகளில் நீர் வெடிப்புகளின் வழியாகவே நகர்கிறது; ஒரே தெருவில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் வெவ்வேறு வெடிப்புகளிலிருந்து நீர் எடுக்கலாம். ப்ளோரைடைத் தரும் கனிமங்களோடு அந்த நீர் எவ்வளவு காலம் தொட்டுக்கொண்டிருந்தது என்பதும் கிணற்றுக்குக் கிணறு மாறும். இத்தகைய நிலத்தில் நகெட் பெரிதாக வருவது இயல்பே. அது பெரிதாகும்போது கிரிகிங் ஒவ்வொரு இடத்தையும் சுற்றுவட்டாரச் சராசரியை நோக்கி இழுக்கிறது, வழவழப்பான, கண்ணுக்கு இதமான பரப்பு கிடைக்கிறது, அதிலே 1.5ஐத் தாண்டும் தனிக் கிணறுகள் கரைந்துபோகின்றன. இதை முறையின் குற்றமாக நான் கருதவில்லை. மதிப்பீட்டுடன் கிரிகிங் தன் நிச்சயமின்மையையும் சேர்த்தே கணக்கிட்டுத் தருகிறது. அந்த இரண்டாவது வரைபடத்தை நாம் வெளியிடாமல் விட்டுவிடுகிறோம். என் வருத்தம் இதில்தான்.

எனவே தங்களிடம் முதன்மையாக வேண்டுவது இது: மதிப்பீட்டு வரைபடம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் அதே பக்கத்தில், அதே அளவில், அந்த நிச்சயமின்மையைக் காட்டும் கிரிகிங் மாறுபாட்டின் வரைபடமும் வெளியாக வேண்டும். இந்த மாறுபாடு கிணறுகளின் அமைவிடங்களையும் வேரியோகிராமையும் மட்டுமே பொறுத்தது என்பதால், வேரியோகிராம் பிழையானால் இதுவும் பிழையாகும். அதனால் வளைவையும், அதற்குப் பொருத்திய கணித வடிவத்தின் நகெட், சில் (வளைவு ஏறி நிற்கும் உயரம்), ரேஞ்ச் (அந்த உயரத்தை எட்டும் தூரம்) மதிப்புகளையும், எத்தனை கிணறுகள் என்பதையும் அச்சிட வேண்டும். நம்பத்தக்க வேரியோகிராமுக்கு நூறு இடங்களாவது தேவை என்பது துறையினர் பொதுவாகச் சொல்லும் அளவு. முப்பது கிணறுகளை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்தையே நிறத்தால் நிரப்புவதை இனியேனும் தவிர்க்க வேண்டுகிறேன்.

குடிநீருக்கென வரையும்போது சராசரி மதிப்பைவிட, 1.5ஐத் தாண்டுவதற்கான நிகழ்தகவுதான் மக்களுக்குப் பயன்படும். இண்டிகேட்டர் கிரிகிங் என்ற கிரிகிங் வகை அதைத் தருகிறது. "இங்கே 1.3" என்பதைவிட, "இங்கே தோண்டும் கிணறு வரம்பை மீற பத்துக்கு நான்கு வாய்ப்பு" என்பது ஊராட்சித் தலைவருக்கு உடனே புரியும். ஆர் (R) என்ற நிரல்மொழியின் ஜிஸ்டாட் (gstat) தொகுப்பில் இதை இலவசமாகவே செய்யலாம் என்பதால் செலவு ஒரு தடையாக இராது.

இன்னும் சில, சுருக்கமாக. திறந்த கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் ஒரே பரப்பில் கலக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்த மாதிரியையும் பின் எடுத்த மாதிரியையும் கலக்க வேண்டாம். 78 பாகைத் தீர்க்கக் கோடு தருமபுரி மாவட்டத்தின் ஊடாகவே போவதால், யுடிஎம் என்ற ஆயத்தொலைவு முறையில் அந்தக் கோட்டின் இருபுறமும் வரும் மண்டலம் 43, 44 இரண்டும் ஒரே கோப்பில் கலந்து கிணறுகள் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிணற்றையும் மறைத்துவைத்து மற்றவற்றால் அதைக் கணிக்கும் குறுக்குச் சரிபார்ப்பின் விளைவையும் வரைபடத்தோடு தர வேண்டும்.

நம் அண்டை நாட்டு அனுபவம் இங்கே உதவும். வங்கதேசத்தில் பிரிட்டிஷ் புவியியல் அளவை நிறுவனமும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 3,534 கிணறுகளின் ஆர்செனிக் அளவைக் கொண்டு நாடு தழுவிய வரைபடங்களை 2001இல் வெளியிட்டன. எந்த வட்டாரத்தில் முதலில் வேலையைத் தொடங்குவது என்பதை அவற்றால் காட்ட முடிந்தது. அடுத்தடுத்த கிணறுகளுக்கிடையே வேறுபாடு மிகப் பெரிது என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்திருந்தது. அதனால் அங்கே லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளின் நீரை ஒவ்வொன்றாகச் சோதித்து, கிணற்றின் மேலேயே சிவப்போ பச்சையோ பூசினார்கள்.

நிறைவாக, எளிதில் செய்யக்கூடிய ஒன்று. மாதிரி எடுத்த கிணறுகள் எல்லாவற்றையும் புள்ளிகளாக வரைபடத்தின் மேல் காட்டுங்கள். வேரியோகிராமின் ரேஞ்சுக்குள் ஒரு கிணறுகூட இல்லாத பகுதிகளையும், மலைகளுக்கு அப்பாலுள்ள பகுதிகளையும் வெறும் வெள்ளையாக விட்டு, "சோதிக்கப்படவில்லை" என்று தமிழில் எழுதுங்கள். நான் போயிருந்த அந்த ஊர் அடுத்த பதிப்பில் அப்படித்தான் வர வேண்டும்; அங்குள்ள போர்வெல்களின் நீர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு திரும்பும் வரை அந்த ஊரின் மேல் எந்த நிறமும் வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஜிஐஎஸ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்